முப்பத்தைந்து வீதம்

உட்துறைமுக வீதியில் இருக்கும் அந்த வீட்டுக்கு நான் முதன்முதலில் போனது ஒரு புதன்கிழமை முற்பகல். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கேற்றை அடைத்துக்கொண்டு இரண்டு மான்கள் படுத்துக் கிடந்தன. ஹோர்ன் அடித்தேன். ஒன்று காதை மட்டும் ஆட்டியது. வேறு வழியில்லாமல் ஸ்கூட்டரை வீதியிலேயே விட்டுவிட்டு, மடிகணினிப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தேன். எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

ஏதோ பழைய கப்பல் கொம்பனி கட்டிய வீடு. உயரமான கூரை, பச்சைப் பூச்சு உரிந்த மரச் சன்னல்கள், எப்போதும் உப்பு ஊறிக்கிடக்கும் சுவர். பின்பக்கத்துச் சன்னலைத் திறந்தால் துறைமுகத் தண்ணீர். அக்கரையில் சீனன்குடாப் பக்கத்து எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள்ளிருந்து தலை காட்டும். அதன் முன்னறையில் மீனவர் சங்கங்கள் சேர்ந்து ஒரு எச்சரிக்கை அறை நடத்துகின்றன. கடல் குழம்பப் போகிறது என்று தகவல் வந்தால், அந்த அறைக் கணினியிலிருந்து கடலில் நிற்கும் படகுகளுக்கெல்லாம் செய்தி போகும். ரெலிபோன் எட்டாத தூரத்துக்கும் எட்டவென்று மேட்டில் ஒரு அன்ரனா நிற்கிறது. ஒவ்வொரு படகிலும் கைக்கடக்கமாக ஒரு பெட்டி. அதில் இரண்டு பொத்தான்கள். செய்தி கிடைத்ததும் முதலாவதை அமுக்கினால் ‘வாறம்’ என்று அறையில் தெரியும். கரைக்கு வந்தபின் மற்றதை அமுக்கினால் ‘சேர்ந்தாச்சு’. செய்தியை அனுப்பியவர் கடைசிப் படகு சேரும்வரை கதிரையை விட்டு எழும்பக் கூடாது. அது அந்த அறையின் சட்டம்.

அறையின் படகுப் பட்டியலில் இருபத்தேழாம் இலக்கப் படகு என் தம்பி றொமேஷுடையது. போன மாதம்தான் அவனுடைய மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம். வேறு ஆருடைய வேலையாக இருந்தாலும் அந்தச் சேற்றைப் பார்த்ததுமே திரும்பிப் போயிருப்பேன்.

சங்கச் செயலாளர் ஸெய்னுதீன் நானா வாசலில் நின்றார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சித் தாங்க, தங்கச்சி. விரிகுடாவில தாழமுக்கம் ஒண்டு உருவாகுதாம். இந்தக் கொம்பியூட்டர் நினைச்ச நேரம் அப்டேட் எண்டு நிண்டிருது.”

“அப்ப வெள்ளிக்கிழமை கடலுக்குப் போக வேண்டாம் எண்டு சொல்லுங்கோவன், நானா.”

“சொன்னாக் கேக்கிற ஆக்களா? காலையில கடல் பாய் விரிச்ச மாதிரிக் கிடந்தா அத்தனை பேரும் போயிருவாங்க.”

அது உண்மைதான். முதலில் போகிறவன் என் தம்பியாகத்தான் இருப்பான்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால், அது கண் விழித்ததும் செய்யும் முதல் வேலை, இத்தனை மாதமாகத் தவறவிட்ட அப்டேட்டுகளையெல்லாம் இணையத்திலிருந்து இழுப்பது. இழுத்து முடிந்ததும் கேட்காமல் கொள்ளாமல் அணைந்து மறுபடி எழும்பும். வீட்டுக் கணினி என்றால் திட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். நாற்பது படகுகள் கடலில் நிற்கும்போது அப்படி நடந்தால்? அதனால் அந்த அப்டேட்டுத் துண்டுகளை நான் முன்கூட்டியே எடுத்து, நிறுவல் பொதிக்குள்ளேயே சேர்த்துவிடுவேன். கடலுக்குப் போகும்போதே சோற்றுப் பொதியைக் கட்டிக்கொண்டு போவதைப் போலத்தான். பிறகு அந்தக் கணினி வெளியே போய் எதையும் தேட வேண்டியதில்லை, நடுவில் நிற்கவும் வேண்டியதில்லை. பத்தொன்பது துண்டுகள் சேர்த்தேன். ஒவ்வொன்றையும் என் கையால் சேர்த்தேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கணினியிலிருந்து நான் எடுத்தது ஒன்றே ஒன்று. படகுப் பட்டியல்.

நாற்பத்தொரு வரிகள் இருந்தன. நாற்பதுக்கும் படகு இலக்கம் இருந்தது. கடைசி வரியில் இலக்கம் இல்லை, பெயர் மட்டும்.

41. அஞ்சலோ. பதில் இல்லை.

இரண்டு வருடமாகப் பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் கணினி அந்தச் செத்த வரியை மூன்று தரம் தட்டிப் பார்த்து, ஆறு நிமிடம் வீணாக்கியிருக்கிறது. இப்படிக் குப்பையைச் சேர்த்து வைத்துக்கொண்டு கணினி மெதுவாக ஓடுகிறது என்று குறை சொல்வார்கள். அழித்தேன். அரை நொடி வேலை. ஆரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

*

அந்த அறையைப் பார்த்துக்கொள்பவர் ஞானமலர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். கணினிக்கு முன்னால் நல்ல பிரம்புக் கதிரை ஒன்று இருக்க, அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து வேலை செய்வார். எனக்கு நாரி நோ, முதுகு சாய்க்காமல் கன நேரம் இருக்க ஏலாது. நான் பிரம்புக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு கதிரையைப் பார்த்தார்.

மத்தியானத்துக்குள் நிறுவல் முடிந்தது. சோதித்தேன். எல்லாம் ஒழுங்கு. எனக்கே என்னில் ஒரு பெருமை.

மூன்றரை கழிந்ததும் ஞானமலர் அக்கா எழும்பி, செருப்பைக் கொழுவிக்கொண்டு வெளி விறாந்தைக்குப் போனார்.

மூன்று நாற்பதுக்குத் திரை நீலமானது.

‘அப்டேட்டுகள் நிறுவப்படுகின்றன. கணினியை அணைக்க வேண்டாம். 35%.’

நான் வாயைப் பிளந்தேன். இணைய வயரை நானே கழற்றி வைத்திருந்தேன். அது என் மடியில் சுருண்டு கிடந்தது. எங்கிருந்து வந்தது அப்டேட்?

ஐந்து நிமிடம் பார்த்தேன். முப்பத்தைந்து. பத்து நிமிடம். முப்பத்தைந்து. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு இருப்பதைப் போல எரிச்சல் உலகத்தில் வேறு இல்லை. “நகரன் சனியனே” என்று மேசையில் குத்தினேன். கைதான் நொந்தது.

அப்போதுதான் முதுகு ஈரமாக இருப்பது தெரிந்தது.

எழும்பிப் பார்த்தேன். கதிரையின் பிரம்புப் பின்னலெல்லாம் நனைந்திருந்தது. என் சட்டையில் உப்பு மணம். அதோடு கலந்து எஞ்சின் எண்ணெய் மணம். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். ஓட்டுக்குக் கீழே பலகை அடித்திருந்தது. பலகை காய்ந்து கிடந்தது.

நாலே கால் ஆனதும் திரை தானாக வழமைக்கு வந்தது. ஒன்றும் நடக்காததைப் போல.

*

வீட்டுக்குப் போய்ப் பொதியைப் பிரித்துப் பார்த்தேன். பத்தொன்பது துண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் இருபது இருந்தன.

இருபதாவதற்குப் பெயர் இல்லை, அளவு இல்லை. திகதி மட்டும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு கார்த்திகை நாள், பிற்பகல் 3.40.

அழித்தேன். பத்தொன்பது. மூடித் திறந்தேன். இருபது. மறுபடி அழித்தேன். மறுபடி இருபது. புதுப் பென் டிரைவ் வாங்கி வந்து, பொதியை அடியிலிருந்து கட்டினேன். துண்டுகளை ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டு எண்ணி எண்ணிச் சேர்த்தேன். இருபது. தலைகீழாக நின்று பார்த்தாலும் இருபதுதான். பதினொரு வருடமாக இந்த வேலை செய்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

இடையில் றொமேஷ் ரெலிபோன் எடுத்தான்.

“என்னக்கா, முடிஞ்சுதா உன்ர அப்டேட்?”

“முடிஞ்சா சொல்லமாட்டனே.”

“நீ முடிக்கிறதுக்குள்ள நான் இந்தியா போய்ட்டு வந்திடுவன்.”

“வெள்ளிக்கிழமை போகாத, றொமேஷ். சொல்லுறதைக் கேள்.”

“பாப்பம், பாப்பம்” என்றான். அவன் அப்படிச் சொன்னால் போவான் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை புதுப் பொதியோடு போனேன். மறுபடி நிறுவினேன். மூன்றரைக்கு ஞானமலர் அக்கா செருப்பைக் கொழுவினார்.

“எங்க போறீங்கள், அக்கா?”

“காத்து வாங்க.”

“இந்த மழைக்கயோ?”

அவர் போய்விட்டார். இந்த முறை நான் பிரம்புக் கதிரையில் இருக்கவில்லை. அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. துறைமுகத் தண்ணீர் பின்பக்கத்துப் படிக்கட்டில் மோதி மோதித் திரும்பும் சத்தம். சன்னல் கொழுக்கி மெல்ல ஆடும் சத்தம்.

மூன்று நாற்பது.

நீலம். முப்பத்தைந்து.

எனக்குப் பின்னால் கதிரை கிறீச்சிட்டது.

ஆரோ அவசரமாக எழும்பும்போது கதிரைக் கால் தரையில் உரசுமே, அந்தச் சத்தம். திரும்பினேன். சுவரோரம் இருந்த கதிரை ஒரு முழம் முன்னால் வந்து, வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கதிரையிலிருந்து வாசல்வரை ஈரத் தடம்.

வெறுங்காலின் தடம் இல்லை. செருப்பும் இல்லை. சப்பாத்தின் தடம்.

நான் எப்படி விறாந்தைக்கு வந்தேன் என்று தெரியாது. ஞானமலர் அக்கா தூணில் சாய்ந்துகொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்களுக்குத் தெரியும்” என்றேன். “தெரிஞ்சுகொண்டுதான் ஒவ்வொரு நாளும் எழும்பி வாறீங்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நம்பியிருப்பீங்களோ, பிள்ளை?”

நம்பியிருக்கமாட்டேன். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தந்தது.

அவர் மெல்லிய குரலில் சொன்னார். அஞ்சலோ என்பவர்தான் முன்பு அந்தக் கதிரையில் இருந்தவர். ஆறு வருடம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பிற்பகல் எச்சரிக்கை வந்தது. நாற்பது படகுகள் வெளியே. அனுப்பத் தொடங்கினார். பதினாலு படகுகளுக்குப் போனதும் கணினி அப்டேட் என்று நின்றுவிட்டது. பிறகு அந்த எண் நகரவே இல்லை.

“மேசையில குத்திக் குத்திக் கத்தினவர், பிள்ளை. நான் அப்ப குசினிக்க, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். பிறகு கதிரை உரசின சத்தம் கேட்டுது. வந்து பாத்தா ஆளில்ல. ஒப்பீஸ் உடுப்போட, சப்பாத்தோட, சேட்டுப் பொக்கற்றில பேனையோட போய், கீழ கட்டிக் கிடந்த படகை எடுத்துக்கொண்டு போயிட்டார். மிச்ச இருபத்தாறு பேருக்கும் வாயால சொல்ல.”

“சொன்னவரோ?”

“சொன்னவர். இருபத்தாறு படகும் வந்திட்டுது. அவர் மட்டும்தான் இன்னும் வரேல்ல.”

இறந்துவிட்டார் என்று அவர் சொல்லவில்லை. இன்னும் வரவில்லை என்றுதான் சொன்னார். அந்த வித்தியாசம் அப்போது என் காதில் ஏறவில்லை. எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் மண்டைக்குள் நின்றது.

*

வெள்ளிக்கிழமை காலை கடல் பாய் விரித்ததைப் போலத்தான் கிடந்தது. நாற்பது படகும் போய்விட்டன. றொமேஷும் போய்விட்டான்.

வேறொரு கணினியை என் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து உதவிக்கென்று தரையில் வைத்திருந்தேன். பேய் பழைய பெட்டிக்குள் இருந்தால் புதுப் பெட்டி தப்பிக்கொள்ளும் என்பது என் கணக்கு. ஆனால் பொதியில் இன்னும் இருபது துண்டுகள் கிடந்ததால் அதில் ஒன்றும் நிறுவியிருக்கவில்லை. பிரம்புக் கதிரையை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுபோய்க் குசினிக்குள் வைத்துக் கதவைப் பூட்டினேன். திறப்பை நான் கழுத்துச் சங்கிலியில் கொழுவிக்கொண்டேன்.

மூன்று முப்பத்தாறுக்கு எச்சரிக்கை வந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் காற்று அடிக்கும். எல்லாப் படகும் உடனே திரும்ப வேண்டும்.

“அனுப்புங்கோ, பிள்ளை” என்றார் ஞானமலர் அக்கா. அன்று அவர் விறாந்தைக்குப் போகவில்லை.

அனுப்பும் பொத்தானை நான் அமுக்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு படகாகச் செய்தி போனது. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாலு.

நீலம்.

35%.

நாற்பதில் பதினாலு. முப்பத்தைந்து வீதம். இரண்டு நாளாக என் கண்ணுக்கு முன்னால் நின்ற கணக்கு.

“இல்லை, இல்லை, இல்லை” என்று கத்திக்கொண்டு விசைப்பலகையில் கண்டதையெல்லாம் அமுக்கினேன். அசையவில்லை. றொமேஷின் ரெலிபோனுக்கு எடுத்தேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். அவளையும் திட்டினேன். குனிந்து மின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன்.

திரை அணையவில்லை.

வயர் என் கையில் இருந்தது. திரை நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

பூட்டிய குசினிக்குள் கதிரை உரசியது.

பிறகு கதவு திறக்கும் சத்தம். திறப்பு என் கழுத்தில் இருந்தது. உப்பும் எண்ணெயும் கலந்த மணம் எங்களுக்கு நடுவால் நடந்து, விறாந்தையைத் தாண்டி, படிக்கட்டுப் பக்கமாகப் போனது. ஞானமலர் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். கீழே தண்ணீரில், படகு எதுவும் கட்டியிராத இடத்தில், எஞ்சின் ஒன்று இருமி இருமிப் பற்றிக்கொண்டது.

அது தூரம் போகும்வரை நாங்கள் அசையவில்லை.

“பிள்ளை” என்று கிசுகிசுத்தார் ஞானமலர் அக்கா. “நீங்கள் அனுப்பேக்க பட்டியலில நாப்பது எண்டு இருந்துது. நாப்பத்தொண்டெல்லோ? ஆரை எடுத்தனீங்கள்?”

“அஞ்சலோவை. அந்த வரியால ஆறு நிமிசம் வீணாப் போகுது எண்டு...”

“ஐயோ. அவர் போகேக்க மேலதிகமாக் கிடந்த கைப்பெட்டி ஒண்டையும் கொண்டு, கொப்பியில தன்ர கையால பேரைப் பதிஞ்சுபோட்டுப் போனவர், அதைத்தான் நான் பட்டியலில ஏத்தினனான். கடலுக்குப் போற எவரும் பதியவேணும். வராத ஆளைப் பட்டியலில இருந்து எடுக்கிற வழக்கம் இஞ்ச இல்ல, பிள்ளை. எடுத்தா அவருக்கு ஆரும் காத்திருக்கேல்ல எண்டு ஆயிடும்.”

ஒன்றை நான் எடுத்தேன். ஒன்று வந்து சேர்ந்தது. பெயரில்லாத அந்த இருபதாவது துண்டு எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டேன். அது எங்கிருந்தும் வரவில்லை. நான் வெளியே தள்ளிய ஆள்தான் வேறு வாசலால் உள்ளே வந்திருக்கிறார்.

மடிகணினியைத் திறந்தேன். பட்டியலின் அடியில் எழுதினேன்: 41. அஞ்சலோ.

பொதியைத் திறந்து பார்த்தேன். துண்டுகள் பத்தொன்பது.

பென் டிரைவை உதவிக் கணினியில் செருகி நிறுவத் தொடங்கினேன். பன்னிரண்டு நிமிட வேலை. அதைக் குறைக்க ஏலாது. வெளியே வானம் சட்டிக் கரியைப் போல இறங்கிவிட்டது. பத்து வீதம். இருபது. என் தம்பி கடலில் நிற்கிறான், நான் ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். முப்பது. முப்பத்துநாலு.

முப்பத்தைந்து.

நின்றது.

அந்த நொடியில் அஞ்சலோ ஏன் மேசையில் குத்தினார், ஏன் சட்டத்தை மீறிக் கதிரையை விட்டு எழும்பினார் என்று எனக்கு விளங்கியது. நானும் எழும்பியிருப்பேன். நீந்தியாவது போயிருப்பேன்.

“பேர் பதிஞ்சாச்சு, அண்ணை” என்றேன் திரையைப் பார்த்து. “நாங்கள் காத்திருக்கிறம்.”

முப்பத்தாறு.

நாலு மணி ஆறு நிமிடத்துக்கு, அன்ரனா வயரை உதவிக் கணினிக்கு மாற்றிக் கொழுவி, மறுபடி அனுப்பினேன். ஒன்றிலிருந்து நாற்பத்தொன்றுவரை, ஒரு இடத்திலும் நிற்காமல் போனது. பதில்கள் வரத் தொடங்கின. 3 வாறம். 19 வாறம். 8 வாறம். 27 வாறம். நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். நாற்பதும் வந்தன.

கடைசியாக, மற்றவற்றைவிடக் கொஞ்சம் பிந்தி, ஒரு வரி.

41. வாறம்.

*

இருட்டுவதற்குள் நாற்பது படகும் ‘சேர்ந்தாச்சு’. காற்று அடித்தபோது கடலில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. ஸெய்னுதீன் நானா வந்து என் தலையில் கை வைத்து ஏதோ ஓதினார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. நான் நாற்பத்தொன்றாம் வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலாவெளியிலிருந்து றொமேஷ் ஆருடையதோ ரெலிபோனில் எடுத்தான்.

“வந்திட்டன், அக்கா. பயந்திட்டியா?”

“பதில் போட்டனி. பிறகென்ன பயம்.”

“என்ன பதில்? என்ர பெட்டியும் போனும் மத்தியானமே தண்ணிக்க போயிட்டுது. ஒரு ஆள் வந்தெல்லோ சொன்னவர்.”

“ஆர்?”

“தெரியேல்ல. தனியப் படகில வந்தவர். ஓடு தம்பி, காத்து வருது எண்டு கத்தினவர். மூண்டே முக்காலுக்கு முந்தியே வந்திட்டார். கடலுக்குப் போற ஆள் மாதிரியே இல்லை, அக்கா. சப்பாத்துப் போட்டிருந்தார். பொக்கற்றில பேனை வேற. நீங்களும் வாங்கோ அண்ணை எண்டனான்.”

“அதுக்கு?”

“எல்லாரும் போய்ச் சேரட்டும், நான் பின்னால வாறன் எண்டவர்.”

நான் ரெலிபோனை வைத்தேன். ஞானமலர் அக்கா குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவருடைய முகத்திலிருந்து இரண்டு வருடப் பாரம் இறங்கியிருந்தது.

“நான் இனி வீட்டை போகலாம்” என்றார். பிறகு தயங்கி, “இந்த முறை அனுப்பினது நீங்களெல்லோ, பிள்ளை. இனி அவருக்குக் காத்திருக்க வேண்டியது நீங்கள்தான்” என்றார்.

*

அடுத்த நாள் பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, என் வீட்டில் மூடிக் கிடந்த மடிகணினி தானாக விழித்துக்கொண்டது. பட்டியல் திறந்திருந்தது.

41. வாறம். 36%.

அந்தப் பட்டியலில் வீதம் காட்ட இடமே இல்லை. அதன் ஒவ்வொரு மூலையும் எனக்குத் தெரியும். அடுத்த நாள் முப்பத்தேழு. அதற்கடுத்த நாள் முப்பத்தெட்டு. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினேன். வன்தட்டை மாற்றினேன். மின்கலத்தைக் கழற்றினேன். தினமும் அதே நேரம் விழிக்கிறது. தினமும் ஒன்று கூடுகிறது. அந்தப் பெயரை மட்டும் நான் தொடவில்லை. இனி ஒருநாளும் தொடமாட்டேன்.

எச்சரிக்கை அறையில் இப்போது ஒரு தொல்லையும் இல்லையாம். கணினி நிற்பதில்லை, கதிரை காய்ந்து கிடக்கிறது, ஞானமலர் அக்கா அதில்தான் இருக்கிறார். றொமேஷின் மகள் குப்புறப் புரளத் தொடங்கிவிட்டாள். அவளைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சப்பாத்துத்தான் ஞாபகம் வருகிறது. என் தம்பியைக் கரைக்கு அனுப்பிய மனிதர். அவர் வரும்போது எழும்பிக் கதவைத் திறக்க வேண்டியவள் நான்தான். நன்றி கெட்டவளாக இருக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு வருடம் கடலில் கிடந்த ஒருவர் எந்தக் கோலத்தில் கரை சேர்வார்?

வாழ்க்கை முழுக்க, நகர மாட்டேன் என்று நிற்கும் எண்களைத் திட்டியவள் நான். இப்போது தினமும் அந்த எண்ணைப் பார்த்து, நகராதே, நின்றுவிடு என்று கெஞ்சுகிறேன்.

நேற்று தொண்ணூற்றொன்பது.

இப்போது மணி மூன்று முப்பத்தொன்பது. வெளியே நல்ல வெயில். மேசைக்கு அந்தப் பக்கம், ஆரும் இராத கதிரையின் கீழே தண்ணீர் சொட்டத் தொடங்கியிருக்கிறது.